அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் உணவுக்குழாய்ப் புற்று: பிள்ளைகளுக்கும் வருமா?

திருமங்கலத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்தை அடுத்த ஒரு கிராமம் எங்களுடையது. நான் இப்போது குடும்பத்துடன் மதுரையில் இருக்கிறேன், வயது 43. என் அப்பா சில ஆண்டுகளுக்கு முன் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் தம் 64ஆம் வயதில் காலமானார். இப்போது அவருடைய உடன்பிறந்த தம்பியான என் சித்தப்பாவுக்கும் அதே நோய் என்று தெரியவந்து, பாலரெங்காபுரம் மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது.

அப்பாவும் சித்தப்பாவும் இளவயதிலிருந்தே வெற்றிலை பாக்குடன் புகையிலை போட்டவர்கள். இருவருக்கும் குடிப்பழக்கமும் இருந்தது. நோய் என்று தெரிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அப்பா சோற்றில் ரசத்தை ஊற்றி ஊறவிட்டு, விரலால் கூழாக மசித்து, ஒவ்வொரு கவளத்தையும் ஒரு மடக்குத் தண்ணீருடன் சேர்த்துத்தான் இறக்குவார். கறிக்குழம்பு வைத்த நாளிலும் துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வார். பல் ஆடுகிறது என்று காரணம் சொல்லிவந்தார். இப்போது சித்தப்பாவும் அதே போலச் சோற்றை மசிப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

எனக்குக் கடந்த ஏழெட்டு ஆண்டுகளாக நெஞ்செரிச்சல் உண்டு. மருந்துக்கடையில் பான்டோபிரசோல் மாத்திரை வாங்கி அவ்வப்போது போட்டுக்கொள்கிறேன். கல்லூரிக் காலத்தில் தொடங்கிய சிகரெட்டை மகள் பிறந்தபின் விட்டுவிட்டேன். வயிறு சற்றுப் பெருத்திருக்கிறது. என் தங்கைக்குப் பழக்கம் எதுவும் இல்லை. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடித்திருக்கும் குடும்பங்களில் இந்தப் புற்றுநோய் பரம்பரையாக வரும் என்று அவள் எங்கோ படித்துவிட்டு, அப்பாவின் குதிகால் தடித்து வெடித்திருந்ததை நினைத்து அழுகிறாள். நாங்கள் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டுமா? மரபணுச் சோதனை ஏதேனும் உண்டா? சித்தப்பா பிள்ளைகள் இருவரும் இதையே கேட்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குடலியல் மருத்துவர் எழுதியது:

உங்கள் சித்தப்பா சிகிச்சையைத் தாங்கித் தேறிவர வேண்டும் என்று விரும்புகிறேன். நான் மதுரையில் இரைப்பை, குடல் நோய்களுக்குச் சிகிச்சை அளிப்பவன். நீங்கள் கேட்டிருப்பது என்னிடம் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்விதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அன்று. குழாயின் உட்பரப்பில் இயல்பாக இருக்கும் செதிள் செல்களில் தோன்றுவது ஒரு வகை; இது பெரும்பாலும் குழாயின் மேல்பகுதியிலும் நடுப்பகுதியிலும் வரும். இரைப்பையை ஒட்டிய கீழ்ப்பகுதியில் சுரப்பிச் செல்களில் தோன்றும் அடினோகார்சினோமா இன்னொரு வகை. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பெருகியிருப்பது இரண்டாவது வகை. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது முதல் வகை. இணையத்தில் நீங்கள் படிக்கும் கட்டுரைகள் பல மேல்நாட்டு நோயாளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் நெஞ்செரிச்சலைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும், புகையிலை மெல்வதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நம் ஊர்க் குடும்பத்துக்கு அந்தக் கட்டுரையை அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியாக வராது.

செதிள் செல் வகையில் குடும்ப வரலாற்றின் பங்கு என்ன என்பதைச் சீனாவின் லின்சியான் பகுதியிலும், ஈரானின் வடகிழக்கே துருக்மன் மக்கள் வாழும் கொலெஸ்தான் பகுதியிலும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த நோய் உலகிலேயே மிகுதியாகக் காணப்படும் பகுதிகளில் இவை இரண்டும் அடங்கும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய நேரடி உறவினரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்பதே இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் காணப்படும் போக்கு. இருமடங்கு என்றவுடன் பயந்துவிட வேண்டாம். இந்தியாவில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அது இருமடங்கானாலும் நூறு பேரில் ஓரிருவர் என்ற அளவைத் தாண்டாது. ஆனால் அந்தக் கணக்கு புகையிலையும் மதுவும் சேராதவரைதான். இவை இரண்டும் ஒன்றாகச் சேரும்போது ஆபத்து ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகிறது. உங்கள் அப்பா, சித்தப்பா இருவரிடமும் இவை இரண்டுமே இருந்தன என்பதை மறந்துவிடாதீர்கள்.

அண்ணன் தம்பி இருவர் ஒரே நோயில் விழுந்தால் நாம் உடனே இரத்தத்தைக் காரணம் சொல்கிறோம். ஆனால் அவர்கள் இரத்தத்தை மட்டுமா பகிர்ந்துகொண்டார்கள்? ஒரே திண்ணையில், ஒரே வெற்றிலைப் பெட்டியிலிருந்து, ஏறக்குறைய ஒரே வயதில் பழக்கத்தைத் தொடங்கியிருப்பார்கள். காய்கறியும் பழமும் எவ்வளவு கிடைத்தன, எது எவ்வளவு சூடாக உள்ளே போனது என்பதெல்லாம் ஒரே அடுக்களை தீர்மானித்தவை. குடும்ப வரலாறு என்று நாங்கள் நோயாளியின் குறிப்பில் எழுதும்போது மரபணுவும் அடுக்களையும் சேர்ந்தே அதற்குள் இருக்கின்றன. மரபணுவை மாற்ற முடியாது. மற்றது உங்கள் கையில் இருக்கிறது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. புகையிலையை விட்டவர்களுக்கு ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு இறங்கிவருவதும், பத்து இருபது ஆண்டுகளில் அது பெருமளவு குறைந்துவிடுவதும் உறுதியாகத் தெரிந்த செய்திகள்.

உங்கள் தங்கை படித்த நோய் உண்மையில் இருக்கிறது. டைலோசிஸ் என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தின் லிவர்பூலில் சில குடும்பங்களில் இதை ஹவல்-எவன்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1958இல் விவரித்தார்கள்; காரணமான ஆர்.எச்.பி.டி.எஃப்.2 என்ற மரபணு 2012இல் அடையாளம் காணப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. வந்தவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றின் ஆபத்து மிக மிக அதிகம் என்பதும் உண்மை. ஆனால் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களில்தான் இது காணப்பட்டிருக்கிறது. அதில் தோல் தடிப்பு சிறுவயதிலேயே தொடங்கிவிடும்; உள்ளங்காலின் அழுத்தம் படும் இடங்களில் இரு கால்களிலும் ஒரே மாதிரி, மஞ்சள் பாய்ந்த தகடு போலத் தோல் திரளும்; வாய்க்குள் வெண்திட்டுகளும் காணப்படலாம். ஆயுள் முழுவதும் செருப்பில்லாமல் கரிசல் காட்டில் உழைத்த மனிதரின் குதிகால் வெடிப்பு அது அன்று. உங்கள் தங்கைக்கும் உங்களுக்கும் உள்ளங்கையும் உள்ளங்காலும் இயல்பாக இருந்தால் இந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடலாம். ஐயம் இருந்தால் ஒரு தோல்நோய் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

டைலோசிஸ், ஃபான்கோனி இரத்தசோகை போன்ற அரிய பரம்பரை நோய்கள் இல்லாத குடும்பங்களுக்கு, இந்தப் புற்றுநோய் வருமா வராதா என்று சொல்லக்கூடிய மரபணுச் சோதனை எதுவும் இன்று இல்லை. பி.எல்.சி.இ.1 போன்ற சில மரபணு வேறுபாடுகளைச் சீன மக்களிடையே 2010இல் கண்டறிந்தார்கள் என்றாலும் அவை ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டுபவை. யாராவது ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு எச்சிலில் சோதித்துச் சொல்கிறோம் என்றால் அந்தப் பணத்தை வீணாக்காதீர்கள்.

இனி உங்கள் நெஞ்செரிச்சல். அமிலம் பல ஆண்டுகள் மேலேறி வந்தால், சிலருக்கு உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் செதிள் செல்கள் மாறிக் குடலில் இருப்பது போன்ற செல்கள் படர்கின்றன. 1950இல் இதைப் பற்றி எழுதிய லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட்டின் பெயரால் இது பாரெட் உணவுக்குழாய் எனப்படுகிறது. அடினோகார்சினோமாவுக்கு இது முன்னோடி. ஆயினும் செல்களில் உருமாற்றம் தொடங்காத பாரெட் உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவானவர்களே புற்றுநோய்க்குப் போகிறார்கள். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நாட்பட்ட எதுக்களிப்புடன் ஆண்பால், ஐம்பதைக் கடந்த வயது, வெள்ளை இனம், உடற்பருமன், புகைப்பழக்கம் (விட்டிருந்தாலும்), நேரடி உறவினருக்குப் பாரெட் அல்லது அடினோகார்சினோமா இருந்தது ஆகியவற்றில் மூன்றோ அதற்கு மேலோ பொருந்தினால் ஒருமுறை எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொல்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு வந்தது செதிள் செல் வகை என்றால் அது இந்தக் கணக்கில் சேராது. அடினோகார்சினோமா என்றால் சேரும். அது எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. எப்படியானாலும், ஏழெட்டு ஆண்டு எரிச்சலும், முன்பு புகைத்ததும், பெருத்த வயிறும் இருக்கும்போது ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்துகொள்வது நல்லது என்பதே என் கருத்து. மாத்திரை புற்றுநோயை உண்டாக்காது. ஆனால் தொந்தரவை அடக்கிவைத்துச் சோதனைக்குப் போகவேண்டிய நாளைத் தள்ளிப்போடச் செய்யும்.

எந்தத் தொந்தரவும் இல்லாத தங்கைக்கு இப்போது எண்டோஸ்கோப்பி தேவையில்லை. சித்தப்பா பிள்ளைகள் புகையிலை போடுபவர்கள் என்றால் முதலில் அதை நிறுத்தட்டும். விழுங்கும்போது சிக்குவது போன்ற உணர்வு யாருக்கு வந்தாலும், எந்த வயதானாலும், காத்திருக்க வேண்டாம். உணவுக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும் உறுப்பு; உள்விட்டம் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும்வரை உடல் எதையும் காட்டிக்கொடுக்காது. சோறு இறங்கத் தண்ணீர் தேவைப்படுகிறது என்றாலே நோய் வெகுதூரம் வந்திருக்கக்கூடும். மேல்படலத்தோடு நிற்கும் நிலையில் கண்டுபிடித்தால், மார்பைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே அகற்றிவிட முடிகிறது.

சோழவந்தான் பெரியவர் எழுதியது:

தம்பி, நான் திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் ஐயா கேட்டிருக்கும் அந்த ஒரு கேள்விக்கு, அதாவது அப்பாவுக்கு வந்தது எந்த வகை என்பதற்கு, விடை உங்கள் வீட்டுப் பீரோவிலேயே இருக்கலாம். டிஸ்சார்ஜ் அட்டையில் 'சி.ஏ. ஈசோஃபேகஸ்', அதாவது உணவுக்குழாய்ப் புற்று, என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அதிலிருந்து வகை தெரியாது. அதோடு பின் அடித்து வைத்திருக்கும் பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையைத் தேடுங்கள். அதில் ஸ்குவாமஸ் செல் என்றோ சுருக்கமாக எஸ்.சி.சி. என்றோ இருந்தால் செதிள் செல் வகை. அடினோ என்று தொடங்கினால் மற்றது.

பயாப்சித் தாள் தொலைந்துபோயிருந்தாலும் எண்டோஸ்கோப்பி அறிக்கை கிடைத்தால் ஓரளவு ஊகிக்கலாம். அதில் கட்டி இருந்த இடத்தை முன்பற்களிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் என்று குறித்திருப்பார்கள். உணவுக்குழாய் பெரியவர்களுக்குப் பல்வரிசையிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டரில் தொடங்கி 40 வாக்கில் இரைப்பையோடு சேர்கிறது. 25, 28 என்று இருந்தால் நடுப்பகுதி. அங்கே வருவது பெரும்பாலும் செதிள் செல் வகையே. 38, 39 என்று இருந்தால் இரைப்பையிலிருந்து ஏறிவந்ததா, உணவுக்குழாயிலேயே தோன்றியதா என்பதைத் திசு அறிக்கை இல்லாமல் சொல்ல முடியாது. இரண்டு தாளும் கிடைக்காவிட்டால் சிகிச்சை பெற்ற இடத்தில் உள்நோயாளி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பயாப்சித் துண்டுகளை மெழுகுக்கட்டியில் பதித்துப் பல ஆண்டுகள் வைத்திருப்பது வழக்கம்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் தாத்தாவுக்குத் தொண்டைப் புற்று, அத்தைக்கு வயிற்றுப் புற்று என்று வாய்வழியாக வரும் செய்தியில் குரல்வளையும், உணவுக்குழாயும், இரைப்பையும் ஒன்றாகக் கலந்துகிடக்கும். தலைமுறை தாண்டினால் எல்லாமே 'அந்த நோய்' என்று ஆகிவிடும். யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வகை, எந்த வயதில் என்ற விவரத்தை ஒரு தாளில் எழுதி, உங்கள் வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதுக்குள் யாருக்காவது வந்திருந்தால் அதைத் தனியே குறியுங்கள். மருத்துவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

இன்னொன்றையும் சோழவந்தான்காரன் என்ற உரிமையோடு சொல்கிறேன். இங்கே வெற்றிலைக் கொடிக்காலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. எங்கள் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வெற்றிலை போட்டதால் புற்று வந்தது என்று பொத்தாம்பொதுவாகப் பேசும்போது பழி இலையின் மேல் விழுகிறது. புற்றுநோயை உண்டாக்குவதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை உறுதிசெய்திருப்பது புகையிலையையும் பாக்கையும். புகையிலை மட்டுமே கெடுதல், பாக்கு பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாக்கையும் 2004இலேயே, புற்றுநோயை உண்டாக்குவதாக உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே புகையிலையை விட்டு வெறும் பாக்கை மென்றுகொண்டிருப்பவரும் ஆபத்திலிருந்து முழுமையாக வெளியேறிவிட்டதாக எண்ண வேண்டாம்.

மேலூர் மகள் எழுதியது:

அண்ணா, உங்கள் தங்கைக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஆண்கள் யாருக்கும் இல்லாமல் அம்மாவுக்கு விழுங்குவதில் சிரமம் வந்தது. இட்லியை விண்டு வாயில் போட்டால் கழுத்துக்குழிக்கு நேரே நின்றுவிடும். நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோதித்துப் பார்த்தபோது புற்று இல்லை. நெடுநாள் இரும்புச்சத்துக் குறைவால் உணவுக்குழாயின் மேல்முனையில் சவ்வு போல ஒன்று வளர்ந்து வழியை மறித்திருந்தது. பிளம்மர்-வின்சன் என்று சொன்னார்கள். எண்டோஸ்கோப்பி மூலம் அதை விரித்துவிட்டு, இரும்புச்சத்து கொடுத்தபின் நன்றாகச் சாப்பிடுகிறார். ஆனால் இந்த நிலை உள்ளவர்களுக்குத் தொண்டையிலும் உணவுக்குழாயின் மேல்பகுதியிலும் செதிள் செல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் அழைத்துப் போகிறோம். அப்பா வழியில் நோய் இருக்கும் வீட்டுப் பெண்கள் தங்கள் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்வது செலவில்லாத காரியம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்து மாத்திரையும் தருகிறார்கள்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகக்கூடும் என்று அதே ஆய்வு முகமை 2016இல் அறிவித்தது. தேயிலையின் குற்றம் அன்று, சூட்டின் குற்றம். கொதிக்கக் கொதிக்க ஆற்றிய டீயைக் கண்ணாடித் தம்ளரின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு உடனே உறிஞ்சிவிட்டு வேலைக்கு ஓடுபவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! சில நிமிடம் ஆறவிட்டுக் குடித்தால் போதும். நாங்கள் வீட்டில் அப்படிப் பழகிக்கொண்டோம்.

திருமங்கலத்தான் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவர் சொன்னபடி தேடியதில் அப்பாவின் எண்டோஸ்கோப்பித் தாள் அவருடைய பழைய நிலப்பத்திரப் பையிலேயே கிடைத்தது. 27 சென்டிமீட்டரிலிருந்து 32 வரை கட்டி என்று இருக்கிறது. பயாப்சியில் ஸ்குவாமஸ் செல் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். சித்தப்பாவின் அறிக்கையிலும் அதுவே. தங்கைக்கும் எனக்கும் கை, காலில் தடிப்பு எதுவும் இல்லை. அவளிடம் மருத்துவர் எழுதியதைப் படித்துக்காட்டினேன். சித்தப்பாவின் மூத்த மகன் புகையிலை போடுபவன், வயது 38, விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். அவனும் என்னுடன் எண்டோஸ்கோப்பிக்கு வர வேண்டுமா என்பது மட்டும் தெரிய வேண்டும்.

குடலியல் மருத்துவர் எழுதியது:

இருவருக்கும் செதிள் செல் வகை என்பதால் உங்கள் நெஞ்செரிச்சலையும் அப்பாவின் நோயையும் இனி தனித்தனியாகவே பாருங்கள்; உங்கள் எண்டோஸ்கோப்பி எரிச்சலுக்காக. உங்கள் தம்பிக்கு அப்பா நேரடி உறவினர், உங்கள் அப்பா பெரியப்பா. அதோடு இப்போதும் புகையிலைப் பழக்கம் இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் நான் அதிகம் கவலைப்படுவது அவரைப் பற்றித்தான். தொந்தரவு இல்லாதவருக்குக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனால் அவர் வந்தால் நான் மறுக்கமாட்டேன். செதிள் செல் வகையின் தொடக்க மாற்றங்கள் சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். லூகால் அயோடின் கரைசலைத் தெளித்துப் பார்த்தால் இயல்பான பரப்பு பழுப்பு நிறமாகும், மாறிய இடம் நிறமேறாமல் வெளுப்பாக நிற்கும். குடும்ப வரலாற்றையும் பழக்கத்தையும் முன்கூட்டியே சொன்னால் அதற்கேற்பக் கவனித்துப் பார்ப்பார்கள். போகிற கையோடு வாயையும் ஒரு பல்மருத்துவரிடம் காட்டட்டும். புகையிலை முதலில் தங்குமிடம் அதுதான்.

இருவரும் முந்தைய இரவு உணவுக்குப்பின் எதுவும் சாப்பிடாமல் காலையில் வாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதை நீங்களாக நிறுத்தாமல் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். பான்டோபிரசோல் எத்தனை நாளாக, எந்த அளவில் எடுக்கிறீர்கள் என்பதை எழுதிக்கொண்டு வாருங்கள். அப்பாவின் அந்த இரண்டு தாள்களையும் மறக்காமல் எடுத்துவாருங்கள்.